மழைக்கு அழுதவள்

பேரையூரில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் பின்பக்கம், கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி இருந்தது. பெயரைக் கேட்டால் ஏதோ பெரிய எந்திரம் என்று தோன்றும். நேரில் பார்த்தால் இட்லிக் கொப்பரையைக் குத்தவைத்த மாதிரிதான் இருக்கும். மேலே ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில். பாட்டிலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, மதுரைக்குப் போனில் சொல்ல வேண்டும். தினமும் காலை எட்டரைக்கு. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சரி, தீபாவளி என்றாலும் சரி. மழை பெய்யாத நாளிலும் போய்ப் பார்த்துவிட்டு, பெய்யவில்லை என்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் நான் சொன்னதில் முக்கால்வாசி பெய்யவில்லை என்பதுதான்.

இந்த வேலை எனக்கு உரியதல்ல. எல்லாருமாகச் சேர்ந்து என் தலையில் கட்டினார்கள். அலுவலகத்தில் பாதிப் பேர் திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள், பத்து மணிக்கு முன்னால் வந்து சேர மாட்டார்கள். நான் அடுத்த தெருவில் குடியிருந்தேன். "மேடம் பக்கத்துலதான இருக்காங்க, தனியாத்தான இருக்காங்க" என்றார் ஒருவர். தனியாக இருப்பதும் ஒரு தகுதி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுத்துப் பேசியிருக்கலாம். ஆனால் காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடம் இருந்தால் நல்லது என்று எனக்கும் தோன்றியது.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. கணவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தார், மாதம் ஒருமுறை வருவார். அப்பா அம்மா செல்லூரில். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். வாசலைத் தாண்டினால் தமிழ், வாசலுக்கு உள்ளே வந்தால் எங்கள் பாஷை என்று வளர்ந்தவள் நான். பேரையூரில் வாசலுக்கு உள்ளே வந்த பிறகு பேச ஆள் இல்லை. வீட்டுக்காரர்கள் முன்கட்டில் இருந்தார்கள். அவர்கள் டிவி பார்த்துச் சிரிப்பது சுவர் வழியாகக் கேட்கும். எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது மட்டும் கேட்காது. சில நாள் பாலைப் பொங்கவிட்டுவிட்டு என்னையே எங்கள் பாஷையில் திட்டிக்கொள்வேன். அன்றைக்கு அந்தப் பாஷையை வாயில் எடுப்பதே அந்த ஒரு தரமாக இருக்கும்.

செல்லூரில் எங்கள் தெருவில் மழையை யாரும் வா என்று கூப்பிட்டதில்லை. அப்பா தறி போட்டிருந்தார். கஞ்சி போட்ட பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் காயவைத்திருக்கும்போது நாலு தூறல் விழுந்தால் போதும், அத்தனை பேர் உழைப்பும் நாசம். அதனால் எங்களுக்கும் அடையாளங்கள் உண்டு. உப்புச் சாடி கசிந்தால் மழை. நூல் விரலுக்கு நமத்தால் மழை. அம்மா காலையில் அடுப்பு மூட்டும் முன்பு உப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் பாவைத் தெருவுக்குக் கொண்டு போக வேண்டாம் என்று உள்ளிருந்தே சொல்வார். மழையைப் பார்த்து ஒளிகிற வீட்டில் பிறந்தவளை, மழைக்காக ஏங்குகிற ஊரில் கொண்டுபோய் மழை அளக்கவிட்டார்கள்.

அந்த ஊரில் அடையாளம் சொல்லாத ஆளே கிடையாது. வேலையாக வந்து அலுவலகத் தாழ்வாரத்தில் காத்திருக்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பேசுவார்கள். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறுகிறது. தட்டான் தாழப் பறக்கிறது. குருவி மண்ணில் குளிக்கிறது. நேற்று நிலாவைச் சுற்றி வட்டம் கட்டியிருந்தது. ஒரு நாள் தட்டான்கள் மூக்கில் மோதுகிற அளவுக்குத் தாழப் பறந்தன. இன்றைக்கு ஊற்றப்போகிறது என்று பாதிப் பேர் வந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு அடித்த வெயிலில் ரோட்டுத் தார் இளகியது. மறுநாள் வந்து, "தட்டான் சரியாத்தான் சொல்லுச்சு மேடம், காத்துதான் கெடுத்துருச்சு" என்றார்கள். அவர்கள் அடையாளம் பொய்த்ததே இல்லை. ஒவ்வொரு தரமும் காற்றுதான் கெடுத்தது.

மழை பெய்தால் என்னிடம் வந்து எம்புட்டு என்று கேட்பார்கள். நான் மில்லிமீட்டரில் சொல்வேன். அது அவர்களுக்குப் பிடிபடாது. "ஒரு உழவு மழை இருக்குமா?" என்பார்கள். ஒரு தரம் ஏர் ஓட்டுகிற அளவுக்கு மண் நனைந்திருக்கிறதா என்று அர்த்தம். அது எனக்குப் பிடிபடாது. இருவருமே ஒருவர் சொன்னதை மற்றவர் நம்பாமல் தலையை ஆட்டிக்கொள்வோம்.

எனக்கென்று அங்கே இருந்தது டீக்கடை அக்கா மட்டும்தான். அலுவலகத்துக்கு எதிரே அவர் கடை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். ஊருக்கு மேற்கே அவர்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தது, வானம் பார்த்த பூமி. வீட்டுக்காரர் காட்டைப் பார்க்க, அக்கா கடையைப் பார்த்தார். காலை எட்டரைக்கு நான் மழைமானிக்குப் போகிறபோது, ஒரு கிளாஸ் டீயோடு வேலி ஓரம் வந்து நிற்பார். அவருக்கு அடையாளம் அடுப்புப் புகை. புகை நேரே மேலே போனால் மழை இல்லை, தரையோடு படர்ந்து கண்ணைக் கரித்தால் மழை உண்டு. "இன்னைக்குக் கண்ணு எரியுது மேடம், பாருங்க" என்பார். நான் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டுவேன். ஒரு சொட்டும் விழாது. "நாளைக்கு வரும்" என்று சொல்லிவிட்டு டீயைக் கொடுப்பார். நாளில் எனக்குக் கிடைத்த பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். அந்தப் பேச்சுக்காக நான் எட்டரைக்குப் போக வேண்டியதை எட்டேகாலுக்கே போய்விடுவேன்.

முதல் மார்கழியில் ஒரு கூத்து நடந்தது. மாதம் பாதியைத் தாண்டியதும் தாழ்வாரத்துப் பேச்சு மாறிவிட்டது. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே பேசினார்கள். மேகம் தெற்கே ஓடுதா, குளிர் இருக்கா, பனி இறங்குதா என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். கர்ப்போட்டம் என்றார்கள். வானம் அந்த நாட்களில்தான் கருத்தரிக்குமாம். மார்கழியில் இன்ன நாளில் கருமேகம் ஓடினால், அந்தக் கரு ஏழு மாதமோ பத்து மாதமோ வளர்ந்து, ஆடியிலோ ஐப்பசியிலோ மழையாகப் பிறக்குமாம். ஒவ்வொரு நாளும் அடுத்த வருஷத்தில் ஒரு காலத்துக்கு உரியது. மேகம் ஓட வேண்டும், குளிர வேண்டும், ஆனால் மழை மட்டும் விழக் கூடாது. விழுந்துவிட்டால் கரு கலைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நாளுக்கு உரிய மழை அடுத்த வருஷம் வராது.

மீசை வைத்த ஆம்பளைகள் வட்டமாக உட்கார்ந்து சூல், கரு, தங்கியது, கலைந்தது என்று கூச்சமில்லாமல் பேசுவதை அங்கேதான் கேட்டேன். அவரவர் வீட்டில் பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் ஒரு வார்த்தை வெளியே வராது. வானத்துக்கு என்றால் ஊரே மருத்துவச்சியாகிவிடும்.

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் அப்போது முழுதாகத் தெரியாது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் பாட்டிலில் தண்ணீர். வந்த நாளிலிருந்து பெய்யவில்லை பெய்யவில்லை என்றே சொல்லிச் சலித்தவள், குவளையைக் கையில் பிடித்தபடி தாழ்வாரத்துக்கே ஓடிப்போய், "நாலு மில்லிமீட்டர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். எல்லாரும் இழவு வீட்டில் வந்து சிரித்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். "அளந்து வேற சொல்லுது பாரு" என்றது ஒரு குரல். அக்காதான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து விஷயத்தைச் சொன்னார். "இந்த மாசம் மட்டும் பேஞ்சாலும் பேயலைன்னு சொல்லணும் மேடம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். கொஞ்ச நாள் அதைச் சொல்லியே என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

அடுத்த தீபாவளிக்குக் கணவர் வந்து இருந்துவிட்டுப் போனார். கார்த்திகையில் எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகி நாலாவது வருஷம். அதற்குள் கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் கேட்டு முடித்திருந்தார்கள். எஸ்டிடி பூத்திலிருந்து அவரிடம் சொன்னேன். பூத்துக்காரர் பில் மெஷினைப் பார்த்துக்கொண்டே எல்லார் பேச்சையும் கேட்கிறவர். நான் எங்கள் பாஷையில் பேசியதால் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பாஷை அந்த ஊரில் எனக்கு உதவியது அந்த ஒரு தரம்தான். அம்மாவிடம் சொன்னபோது, மூன்று மாதம் முடிகிற வரைக்கும் வெளியே மூச்சுவிடாதே என்றார். எங்கள் பக்கம் மட்டுமல்ல, எல்லார் வீட்டிலும் அப்படித்தானே. பிறகு விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, ஆடியில் தலைப்பிள்ளையா என்று கொஞ்சம் குறைப்பட்டுக்கொண்டார். டாக்டரும் ஆடி மூன்றாவது வாரம் என்றுதான் கணக்குச் சொல்லியிருந்தார்.

மூச்சுவிடாமல் இருப்பது சுலபமாக இல்லை. ஒருவரிடமும் சொல்லாமல் அவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு ஃபைல் கட்டிக்கொண்டிருந்தேன். டீ வாசனை குமட்டியது. "வயிறு சரியில்லக்கா, ரெண்டு நாளைக்கு டீ வேணாம்" என்று சொன்னது ரெண்டு வாரமாக நீண்டது. அக்கா ஒருமுறை என்னை உற்றுப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் நான் அம்மாவை மீறிச் சொல்லியிருப்பேன். கேட்கட்டும் என்றுகூட வேலியோரம் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றிருக்கிறேன்.

மார்கழி பாதியில், சனிக்கிழமை என்று மதுரைக்குப் போயிருந்தபோது வயிற்றை இழுத்துப் பிடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. டாக்டரம்மா அபார்ஷன் என்றார். முதல் மூன்று மாதத்தில் நிறையப் பேருக்கு ஆகிறதுதான், உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்கள் பாஷையில், நல்லவேளை யாருக்கும் தெரியாது என்றார். மனசாரத்தான் சொன்னார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டுவிடக் கூடாது என்று அவருக்கு. எனக்கோ யாராவது கேட்க வேண்டும் என்று இருந்தது. சந்தோஷத்தைச் சொல்லாமல் வைத்திருந்ததால் துக்கத்தையும் சொல்ல வழியில்லாமல் போயிற்று. இல்லவே இல்லாத ஒன்று போய்விட்டது என்று யாரிடம் போய் அழுவது?

கணவர் ஓசூரிலிருந்து வந்தார். ஆப்பிள் வாங்கி வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் சாயங்காலம் பஸ் ஏறிவிட்டார். நான் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு ஒரு வாரம் அம்மா வீட்டில் படுத்திருந்தேன். தறிச் சத்தம் மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

திரும்பி வந்த முதல் ராத்திரியே தூறிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்து, உடம்பு கேட்காவிட்டாலும் மழைமானிக்குப் போனேன். போகாமல் வீட்டுக்குள் இருக்கப் பயமாக இருந்தது. பாட்டிலில் தண்ணீர் இருந்தது. குவளையில் ஊற்றிக்கொண்டிருந்தபோது அக்கா வேலியோரம் வந்து நின்றார். கையில் டீ இல்லை. முகம் வாடியிருந்தது. என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"கலைஞ்சுருச்சா?"

நான் டீ வேண்டாம் என்றபோதே அக்கா கண்டுபிடித்திருக்கிறார், இப்போது நான் இருக்கிற இருப்பைப் பார்த்துக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். முந்தின வருஷம் கேட்ட மார்கழிப் பேச்செல்லாம் அந்த நேரத்தில் ஞாபகத்தில் இல்லவே இல்லை. டாக்டரம்மா இங்கிலீஷில் சொன்னார், அம்மா எங்கள் பாஷையில் சொன்னார். அந்தத் தமிழ் வார்த்தையை என்னிடம் முதன்முதலாகச் சொன்னவர் அக்காதான்.

"ஆமாக்கா" என்றேன்.

"நல்லாத்தான் தங்கி வந்துச்சு. எனக்கு அம்புட்டு நம்பிக்கையா இருந்துச்சு. அம்புட்டும் போயிருச்சா?"

"அம்புட்டும் போயிருச்சு."

"யாரு கண்ணு பட்டுச்சோ." அக்கா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். "விடு. நாம என்ன செய்ய முடியும். ஒண்ணு கலைஞ்சா எல்லாமா கலைஞ்சுரும்? இனிமே வாரது நிக்கும். மனசைத் தளரவிடக் கூடாது."

அப்போதுதான் அழுதேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, அம்மா முன்னால் அழவில்லை, கணவர் போன பிறகும் அழவில்லை. குவளை சரிந்து, அளந்த தண்ணீரில் பாதி என் செருப்பின் மேல் கொட்டியது. விக்கி விக்கி அழுதேன். ஒருவராவது கேட்டுவிட்டாரே என்று ஒரு பக்கம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"ஆடிக்கு உண்டானதுதானே போச்சு" என்று அக்கா தொடர்ந்தார். "ஐப்பசிக்கு உண்டான நாளெல்லாம் இனிமேதான இருக்கு. அதுல நல்லா ஓடிருச்சுன்னா சோளத்தை எடுத்துரலாம்."

சோளம் என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. நான் அழுகையை நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. அக்கா அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்துத் திகைத்துப்போனார்.

"அய்யய்யே, நீங்க எதுக்கு மேடம் அழுகுறீங்க? ஒங்களுக்கென்ன காடா கரையா?"

சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் யாருக்கும் தெரியாது என்று அம்மா நிம்மதிப்பட்ட முகம் நினைவுக்கு வந்தது. "ஒண்ணுமில்லக்கா" என்றேன். அக்கா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை நீட்டி என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். "எங்களுக்காகவா அழுகுற தாயி" என்றார். மேடம் போய்த் தாயி வந்தது அன்றைக்குத்தான்.

பத்து மணிக்குள் தாழ்வாரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. மழை அளக்கிற பொண்ணு கரு கலைஞ்சுபோச்சே என்று அழுதுச்சாம். மதுரைக்காரப் புள்ள, இந்த ஊர் மண்ணுக்காக அழுதுச்சாம். அதற்கு முன்னால் என் மேஜைக்கு வருகிறவர்கள் வேலையை முடித்துக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். அன்றிலிருந்து நின்று, சாப்பிட்டாச்சா தாயி என்று கேட்டார்கள். தை மாதம் ஒருவர் மொச்சைக்காய் கொண்டுவந்தார். ஒரு அம்மா துவரங்காயை உப்புப் போட்டு அவித்து, தூக்குவாளியில் வைத்துக் கொடுத்தார். "விட்டுத்தள்ளு தாயி, அதுவா வந்துச்சு, அதுவா போச்சு" என்று அந்த அம்மா என் முதுகைத் தடவியபோது நான் வேகமாக உள்ளே போய்விட்டேன்.

எனக்கு அந்த ஊரில் வந்த ஆறுதல் எல்லாம் வானத்தின் பெயரில்தான் வந்தது. விலாசம் தப்பி வந்த மணியார்டரைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட மாதிரி வாங்கிக்கொண்டேன். மொச்சைக்காயை உரித்து வேகவைத்து, தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போது சில நாள் கோபம் வரும். இத்தனை பேர் என் மேல் பிரியமாக இருக்கிறார்கள், ஒருவருக்கும் என்னைத் தெரியாது. முன்பு ஆள் இல்லாமல் தனியாக இருந்தேன். இப்போது ஆள் சூழத் தனியாக இருந்தேன், இது இன்னும் மோசமாக இருந்தது.

ஆடி பிறந்தது. மார்கழியில் கலைந்துவிட்டதால் ஆடியில் மழை இல்லை என்று ஊர் முடிவு செய்திருந்தது. விதையை யாரும் வெளியே எடுக்கவில்லை. காற்று மட்டும் மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அலுவலக மேஜையில் காலையில் துடைத்த இடத்தில் மத்தியானம் விரலால் எழுதலாம். அக்கா வேலியோரம் வந்து நின்று, "இந்த வாரந்தான் தாயி மார்கழியில கலைஞ்ச நாளுக்கு உண்டானது. வராது, பாத்துக்க" என்பார். எனக்கும் அந்த வாரம்தான் என்று அவருக்குத் தெரியாது. டாக்டர் சொன்ன மூன்றாவது வாரம்.

தினமும் போய் வெறும் பாட்டிலைப் பார்த்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அது காலியாக இருப்பதில் எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. எனக்குத் துணையாக வானமாவது இருக்கிறதே என்று நினைத்தேன். மழை வந்தால் நல்லது என்று எல்லாரையும் போல வாயால் சொன்னேன். வரக் கூடாது என்றுதான் மனசுக்குள் இருந்தது. எனக்கும் அதற்கும் ஒரே மார்கழியில் போனது, எனக்கு இல்லாதது அதற்கு மட்டும் எப்படி வரும் என்று ஒரு வீம்பு.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் காற்று நின்றது. எறும்பு ஏறவில்லை, தட்டான் வரவில்லை, அக்கா கடைப் புகை நேராகத்தான் மேலே போனது. ஓர் அடையாளமும் காட்டாமல் மேற்கே இடி இறங்கி, மழை பிடித்துக்கொண்டது. விடிய விடியப் பெய்தது. ஓட்டின் மேல் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். முன்கட்டில் வீட்டுக்காரர்கள் வாசல் கதவைத் திறந்து வைத்து மழையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் நான் போனபோது எட்டு மணிக்கே தாழ்வாரம் நிறைந்திருந்தது. அலுவலகத்தில் எந்த வேலையும் இல்லாதவர்கள்கூட வந்து நின்றார்கள். யாரோ வெற்றிலைப் பையை எல்லாருக்கும் நீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் பின்பக்கம் போனேன். பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. அதை வெளியே எடுத்தேன், இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது. எடுத்தபிறகு கீழே வைக்கத் தோன்றாமல் அப்படியே நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்கா வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். அதுவரை அவர் உள்ளே வந்ததில்லை. சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"கலையல தாயி" என்றார். "உள்ளுக்குள்ள தங்கித்தான் இருந்துருக்கு. நாமதான் போச்சு போச்சுன்னு கெடந்தோம். காட்டுக்குப் போயிட்டு வாரேன், ரெண்டு உழவுக்குக் காணும்." மூச்சு வாங்கியது அவருக்கு. "சிரி தாயி. அன்னைக்கு அழுதவ நீதான். நீ சிரிச்சாத்தான் எனக்கு மனசு நெறையும்."

சிரிக்கப் பார்த்தேன். உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"வானத்துக்குத் தங்கிருச்சுக்கா" என்றேன். "எனக்குத்தான் தங்கல."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் நெஞ்சோடு பிடித்திருந்த பாட்டிலைப் பார்த்தார். காற்றில்லாமல் எல்லாம் அசையாமல் நின்றது. தாழ்வாரத்தில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள்.

"டீ வேணாம்னு சொன்னியே" என்றார் மெதுவாக. "அப்பவா?"

தலையை ஆட்டினேன்.

"மார்கழியில, அன்னைக்கு நான் வந்து கேட்டேனே."

"ஆமாக்கா."

"நான் காட்டை நெனச்சுல்ல கேட்டேன்" என்றார். ஈரக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மாதங்களை எண்ணினார். வாய்க்குள் முணுமுணுத்தபடி வந்தவர், ஒரு விரலை மடக்கியதும் அப்படியே நிறுத்திவிட்டார்.

"இந்த மாசமா தாயி?"

"இந்த வாரம்" என்றேன்.

ஒண்ணு போனா இன்னொண்ணு வரும் என்று அக்கா இந்த முறை சொல்லவில்லை. பக்கத்தில் வந்து நின்று, பாட்டிலின் அடியில் தன் கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். அப்படியே நின்றோம். தாழ்வாரத்தில் பொறுமை போய்விட்டது. ஒருவர் கட்டடத்து மூலைவரை வந்து எட்டிப் பார்த்து, "எம்புட்டு தாயி பேஞ்சுருக்கு?" என்று குரல் கொடுத்தார்.

அக்கா திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"இருங்கய்யா. அளந்துக்கிட்டு இருக்கோம்."